ஹம்பிக்கு முதல் தடவை: ரெண்டு நாள்ல எதைப் பார்க்கலாம், எதை விடலாம்

இந்த எபிசோடு ஹம்பி பற்றி. முதல் தடவை போறவங்களுக்கு, அதுவும் சனி, ஞாயிறுன்னு ரெண்டே நாள் கையில வச்சிருக்கிறவங்களுக்கு.

தேடிப் பார்த்தா "ஹம்பியில் பார்க்க வேண்டிய 25 இடங்கள்"னு லிஸ்ட் நிறைய கிடைக்கும். அதை மேல இருந்து கீழ வரிசையா டிக் அடிச்சிட்டுப் போனா, ரெண்டு நாள்ல பாதி ஆட்டோவிலயே கழிஞ்சிடும். ஏன்னா ஹம்பி நமக்குப் பழக்கமான கோயில் நகரம் மாதிரி கிடையாது. மதுரையில மீனாட்சி அம்மன் கோயிலை நடுவுல வச்சுக்கிட்டு மாசி வீதி, மாரட் வீதின்னு சுத்தி வந்துடலாம். ஹம்பியில அப்படி ஒரு நடு இல்ல. ஒரு பேரரசோட தலைநகரமே பாறைக்கும் வாழைத்தோப்புக்கும் இடையில பல கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடக்கு. அதனால இங்க பிளானைத் தீர்மானிக்கிறது மூணு விஷயம்: வெயில், டிக்கெட், நீங்க நடக்கிற பாதை எங்க போய் முடியுதுங்கிறது. இது மூணையும் முதல்லயே யோசிச்சிட்டா மிச்சம் தானா அமைஞ்சிடும்.

சீக்கிரமா கொஞ்சம் வரலாறு. விஜயநகரம் 1336-ல் தொடங்கினதா சொல்லுவாங்க. கிருஷ்ணதேவராயர் ஆண்டது 1509-ல் இருந்து 1529 வரை. அந்தக் காலத்துல வந்த போர்ச்சுகீசியப் பயணி டோமிங்கோ பயஸ், இந்த ஊர் ரோம் அளவுக்குப் பெருசா இருக்குன்னு எழுதி வச்சிருக்கார். 1565-ல் தலைக்கோட்டைப் போர்ல தக்காண சுல்தான்களோட கூட்டுப்படைகிட்ட தோத்த பிறகு நகரம் சூறையாடப்பட்டுச்சு. அரச குடும்பம் பெனுகொண்டாவுக்குப் போயிடுச்சு, அப்புறம் சந்திரகிரிக்கு. 1639-ல் சென்னையில ஆங்கிலேயருக்குக் கோட்டை கட்ட இடம் கொடுத்தாரே ஒரு நாயக்கர், அவர் அந்த சந்திரகிரி ராயருக்குக் கீழ இருந்தவர்தான். சென்னைக்காரங்களுக்கு ஹம்பி ரொம்ப அந்நியமான ஊர் இல்ல.

சரி, பிளானுக்கு வருவோம். பெங்களூருல இருந்து போறீங்கன்னா வெள்ளிக்கிழமை ராத்திரி ஹம்பி எக்ஸ்பிரஸ். காலையில ஹொசபேட்டையில இறக்கி விட்டுடும். அங்க இருந்து ஹம்பி 13 கிலோமீட்டர், பஸ்ஸும் இருக்கு, ஆட்டோவும் இருக்கு. சென்னையில இருந்து வர்றவங்க மும்பை ரயில்ல குண்டக்கல் வந்து மாறலாம், இல்லன்னா பெங்களூரு வழியாவே வரலாம். மாதம் நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள இருக்கட்டும். மார்ச்சுக்கு மேல அந்தக் கருங்கல் பாறை எல்லாம் தோசைக்கல் மாதிரி காயும், பொழுது சாஞ்சாலும் சூடு இறங்காது.

ரூம் போடுறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை. பழைய பதிவுகள்ல "ஆத்துக்கு அந்தப் பக்கம் தங்குங்க, குடிசை மாதிரி அழகான இடங்கள் இருக்கு"ன்னு எழுதியிருப்பாங்க. அந்த விருபாபூர் கட்டி பகுதியில இருந்த விடுதிகளை உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2020-ல் இடிச்சிட்டாங்க. அதுக்கும் முன்னாடி, 2011-ல், விருபாக்ஷர் கோயிலுக்கு எதிர்ல இருக்கிற பஜார் தெருவுல பழைய கல் மண்டபங்களுக்குள்ளயே வீடும் கடையும் வச்சிருந்த குடும்பங்களை வெளியேத்தினாங்க. யுனெஸ்கோ பட்டியல்ல 1986-ல் சேர்ந்த இடம், நினைவுச்சின்னத்தைக் காப்பாத்தணும்ங்கிற நியாயம் புரியுது. ஆனா 400, 500 வருஷம் முன்னாடி சந்தையா இருந்த தெருவுல திரும்பவும் சந்தை நடத்தினவங்களைத்தான் காலி பண்ணினாங்க. அந்த வெறும் மண்டப வரிசையைப் பார்க்கும்போது, அது 1565-ல் இருந்து அப்படியே காலியா கிடக்குன்னு நினைச்சுக்காதீங்க. இப்ப தங்கணும்னா பஜாருக்குப் பக்கத்துச் சந்துகள்ல சின்னச் சின்ன கெஸ்ட் ஹவுஸ் இருக்கு, கமலாபுரம் இருக்கு, ஹொசபேட்டை இருக்கு. ரெண்டே நாள்னா என் ஓட்டு பஜார் பக்கத்துக்குத்தான். விடியக்காலையில நடந்தே கிளம்பிடலாம்.

முதல் நாளை டிக்கெட் இல்லாத பக்கம் வச்சுக்கோங்க. காரணம் இருக்கு: விட்டலர் கோயிலுக்கும் தாமரை மகால் இருக்கிற அந்தப்புர வளாகத்துக்கும் ஒரே டிக்கெட்தான், ஆனா அன்னிக்கு மட்டும்தான் செல்லும். அதனால அது ரெண்டும் ஒரே நாள்ல வரணும். ரயில்ல சரியா தூங்காம வந்து இறங்குற நாள் அதுக்குச் சரிப்படாது.

காலையில விருபாக்ஷர் கோயில். மத்தியானம் நடை சாத்துறதுக்குள்ள போயிடுங்க. பேரரசு வர்றதுக்கு முன்னாடியே இருந்த கோயில், இன்னிக்கும் பூஜை நடக்குது. உள்ள இருக்கிற ரங்க மண்டபம் 1510 வாக்குல கிருஷ்ணதேவராயர் கட்டினது. நம்ம காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரமும் அவர் காலத்துப் பணிதான், அதனால இங்க கோபுரத்தைப் பார்த்ததும் எங்கயோ பார்த்த மாதிரி இருக்கும். பின்பக்கம் ஒரு சின்ன அறையில சுவர்ல ராஜகோபுரத்தோட நிழல் தலைகீழா விழும். கேட்டா காட்டுவாங்க. ஸ்கூல்ல அட்டைப்பெட்டியில ஓட்டை போட்டு ஊசித்துளை கேமரா செஞ்சிருப்பீங்களே, அதே விஷயம்தான். ஒளி நேர்கோட்டுல போறதால கோபுர உச்சியில இருந்து வர்றது துளை வழியா சுவரோட கீழ்ப்பக்கம் விழும், அடியில இருந்து வர்றது மேல்பக்கம் விழும். அந்த அறையே ஒரு கேமரா.

மத்தியான வெயில்ல கமலாபுரம் அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை லீவு, உங்களுக்குப் பிரச்சினை இல்ல. முற்றத்துல மலை, ஆறு, கோயில் எல்லாம் சேர்த்து முழு ஹம்பியையும் சின்னதா மாதிரி செஞ்சு வச்சிருக்காங்க. மறுநாள் எங்க நடக்கப் போறோம்னு கூகுள் மேப்பை விட அது தெளிவாக் காட்டும். சாயங்காலம் திரும்பி வந்து ஹேமகூட மலை. மலைன்னு பேரு, ஏறறது சுலபம். அந்தச் சரிவுல கடலைக்காளு கணேசர், சாசிவேகாளு கணேசர்னு ரெண்டு பேர் இருக்காங்க. கன்னடத்துல கடலைப் பிள்ளையார், கடுகுப் பிள்ளையார். ரெண்டு பேருமே ஆளை விட உயரம். சூரியன் மறையறதை இங்கயே உட்கார்ந்து பார்த்துடுங்க.

ரெண்டாவது நாள்தான் நடை. விடியறதுக்கு முன்னாடி மதங்க மலை. படிகள் செங்குத்தா இருக்கும், டார்ச் வேணும், இருட்டுல தனியாப் போகாதீங்க. துணைக்கு ஆள் இல்லன்னா வெளிச்சம் வந்த பிறகு ஏறுங்க, சூரியோதயம் போனா போகட்டும். மேல இருந்து பார்த்தா கீழ அச்சுதராயர் கோயில் ஒரு வரைபடம் மாதிரி தெரியும். இறங்கி அந்தக் கோயிலைத் தாண்டி, அதுக்கு முன்னாடி இருக்கிற பழைய கடைத்தெரு வழியா துங்கபத்ரைக் கரைக்கு வந்து, ஆத்தோரமா நடந்தா விட்டலர் கோயில்.

இங்கதான் அந்தப் பாதை விஷயம். இது போய்த் திரும்பற நடை இல்ல, ஒரு பக்கம் ஆரம்பிச்சு இன்னொரு பக்கம் முடியற நடை. ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து மதங்க மலை அடியில விட்டீங்கன்னா, விட்டலர் கோயில் பார்த்துட்டு அந்த வண்டிக்காக வெயில்ல திரும்பி நடக்கணும். அதனால ரெண்டாவது நாளுக்கு மட்டும் ஒரு ஆட்டோ பேசி, விட்டலர் கோயில் வாகன நிறுத்தத்துல காத்திருக்கச் சொல்லுங்க. கோயில்ல இருந்து அதுவரைக்கும் பேட்டரி வண்டி ஓடுது.

50 ரூபாய் நோட்டுக்குப் பின்னாடி இருக்கிற கல்தேர் இந்த விட்டலர் கோயில்லதான். அது உண்மையில தேர் வடிவத்துல கட்டின கருடன் சன்னதி. தட்டினா ஸ்வரம் வருதுன்னு சொல்ற இசைத்தூண்களைத் தொட அனுமதி இல்ல. கைடு யாராவது தட்டிக் காட்டவான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லிடுங்க.

சாப்பிட்டுட்டு மத்தியானத்துக்கு மேல அரண்மனைப் பகுதி. நிறைய பேர் இங்க வந்து ஏமாந்து போவாங்க. "அரண்மனை எங்கப்பா?" வெறும் மேடை மேடையா இருக்கும். கோயில்களை முழுக்கக் கல்லால கட்டினாங்க. அரண்மனைகளுக்கு அடித்தளம் மட்டும்தான் கல்லு, மேல மரம். எரிஞ்சது போக மிஞ்சினது அந்த மேடைகள். இது தெரிஞ்சு போனா ஒவ்வொரு மேடை மேலயும் ஒரு கட்டடத்தை மனசுல கட்டிப் பார்க்கலாம்.

எனக்கு ஹம்பியிலயே ரொம்பப் பிடிச்சது அங்க இருக்கிற படிக்குளம். 1980-கள்ல தோண்டி எடுத்தது. கருநிறக் கல்லுல அச்சு எடுத்த மாதிரி படிகள். கிட்டப் போய்ப் பார்த்தா கற்கள் மேல சின்னச் சின்ன குறியீடு செதுக்கியிருக்கும்: எந்தத் திசை, எத்தனையாவது வரிசைன்னு. அதாவது வேற இடத்துல செதுக்கி, அடையாளம் போட்டு, கொண்டு வந்து பொருத்தியிருக்காங்க. எந்தக் கல் எங்க போகணும்ங்கிற தகவல் அந்தக் கல்லுலயே இருக்கு. கோடுக்குள்ள கமென்ட் எழுதச் சொல்லி டீம்ல மல்லுக்கட்டுற எனக்கு அங்க இருந்து நகரவே மனசு வரல.

தாமரை மகாலும் யானைக் கொட்டிலும் அங்க இருந்து கிட்டத்தான். வளைவுகள், வரிசையா குவிமாடங்கள், எல்லாம் சுல்தான்கள் ஊர்ல பார்க்கிற பாணி. விஜயநகரப் படையில முஸ்லிம் வீரர்களும் இருந்தாங்க. 1565-ஐ வெறும் மதச் சண்டையா சொல்ற கதையை இந்தக் கட்டடங்கள் முன்னாடி நின்னு கேட்டா நம்பறது கஷ்டம்.

விட வேண்டியது: அக்கரை. ஆனெகுந்தியும் அஞ்சனாத்ரி மலையும் அருமையான இடங்கள்தான். ஆனா படகுக்குக் காத்திருக்கணும், ஆத்துல தண்ணி அதிகமானா படகே ஓடாது, அப்புறம் ரோட்டு வழியா பெரிய சுத்து. மூணாவது நாள் இருந்தா மட்டும் போங்க.

ஆட்டோக்காரர்கிட்ட காலையிலயே ஹொசபேட்டை ஸ்டேஷன் வரைக்கும் சேர்த்துப் பேசிடுங்க, ராத்திரி ரயிலுக்கு முன்னாடி சாப்பாடும் அங்கயே முடிச்சிடலாம். ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, தொப்பி, கொஞ்சம் சில்லறைக் காசு. செருப்பு வேண்டாம், பாறையில வழுக்காத ஷூ போடுங்க.