விருதுக்கு முன்னே வரும் கதை

இந்தி எழுத்தாளர் கீதாஞ்சலி ஸ்ரீயின் முதல் கதை 1987-இல் 'ஹன்ஸ்' மாத இதழில் வந்தது. அவருடைய 'ரேத் சமாதி' நாவல் டெய்ஸி ராக்வெலின் ஆங்கில மொழிபெயர்ப்பில் சர்வதேச புக்கர் பரிசு பெற்றது 2022-இல். இடையில் முப்பத்தைந்து ஆண்டுகள். கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்கின் முதல் கதை 1970-களில் 'பிரஜாமத' இதழில் வெளியானது. அவருடைய 12 கதைகள் தீபா பஸ்தியின் மொழிபெயர்ப்பில் 'ஹார்ட் லேம்ப்' என்ற தொகுப்பாகி அதே பரிசை வென்றது 2025-இல். உலக வாசகர்களுக்கு இருவரும் புதியவர்கள். இந்தியிலும் கன்னடத்திலும் படிப்பவர்களுக்கோ நெடுநாள் பழகிய பெயர்கள்.

இந்தியப் புனைகதையில் ஓர் எழுத்தாளர் வெளிப்படும் வரிசை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: முதலில் இதழில் ஒரு சிறுகதை, பிறகு ஒரு தொகுப்போ நாவலோ, அதன்பின் விருது, எல்லாவற்றுக்கும் கடைசியில் மொழிபெயர்ப்பு. செய்தித்தாளில் பெயர் அடிபடுவது கடைசி இரண்டு படிகளில்தான். முதல் இரண்டு படிகள் எங்கே இருக்கின்றன, எப்படி இயங்குகின்றன என்று தெரிந்த வாசகர், பரிசுச் செய்திக்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த எழுத்தைப் படித்துவிடலாம்.

இதழ் என்னும் நாற்றங்கால்

தமிழில் இந்த வழக்கத்துக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. 1933-இல் அரசியல் வார இதழாகத் தொடங்கிய 'மணிக்கொடி', பி.எஸ். ராமையாவின் பொறுப்பில் 1935 முதல் சிறுகதைக்கென்றே வந்தது. புதுமைப்பித்தனும் அவருடைய தலைமுறையினரும் வாசகர் கண்ணில் பட்டது அங்கேதான். 1950-களில் விஜயபாஸ்கரனின் 'சரஸ்வதி' அந்த வேலையைச் செய்தது. ஜெயகாந்தன், சுந்தர ராமசாமி ஆகியோரின் தொடக்ககாலக் கதைகள் அதில் வந்தன. 1965-இல் கஸ்தூரிரங்கன் தொடங்கிய 'கணையாழி', அசோகமித்திரனின் ஆசிரியப் பொறுப்பில் நெடுங்காலம் புதியவர்களுக்கு இடம் கொடுத்தது. அது நடத்திய தி. ஜானகிராமன் நினைவுக் குறுநாவல் போட்டி பலருக்கு வாசலாக அமைந்தது.

மற்ற மொழிகளிலும் கதை இதுவே. பிரேம்சந்த் 1930-இல் நிறுவிய 'ஹன்ஸ்' நின்றுபோய், 1986-இல் ராஜேந்திர யாதவின் முயற்சியால் மறுபடி வரத் தொடங்கியது. பெண்களும் தலித்துகளும் எழுதிய புதிய இந்திக் கதைகள் பரவலாகப் பேசப்பட்டதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. மலையாளத்தில் 'மாத்ருபூமி' வார இதழ், எம்.டி. வாசுதேவன் நாயர் அதன் ஆசிரியராக இருந்த காலத்தில், ஓர் இளம் தலைமுறையையே வளர்த்தது. எம்.டி.யே அந்த நிறுவனம் 1954-இல் நடத்திய சிறுகதைப் போட்டியில் பரிசு வாங்கி வெளிச்சத்துக்கு வந்தவர்தான். கன்னடத்தில் விவேக் ஷான்பாக் 'தேச கால' என்ற காலாண்டிதழை ஏழு ஆண்டுகள் நடத்தினார்.

சிற்றிதழில் பக்கம் குறைவு, சன்மானம் அதைவிடக் குறைவு. ஆனாலும் வந்த கதைகளையெல்லாம் படித்துக் கழித்து, நான்கைந்தை மட்டும் அச்சுக்கு அனுப்பும் ஓர் ஆசிரியர் அங்கே இருக்கிறார். வாசகருக்கு அந்தச் சல்லடைதான் முக்கியம். இன்று இந்த வேலையின் பெரும்பகுதி இணைய இதழ்களுக்கு மாறியிருக்கிறது. 1999-இல் வந்த 'திண்ணை', 2009-இல் வந்த 'சொல்வனம்', அறிவியல் புனைகதைக்குப் போட்டி வைத்த 'அரூ' போன்றவை அச்சுச் செலவு இல்லாததால் நீண்ட கதைகளையும் துணிந்து வெளியிட்டன. 'பிரதிலிபி' போன்ற தளங்களில் யார் வேண்டுமானாலும் கதையை ஏற்றலாம். அங்கே ஆசிரியர் கிடையாது, சலிக்கும் வேலை வாசகர் தலையில் விழுகிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

பண்டிகை மலர்

இந்தியாவுக்கே உரிய மற்றொரு வாசல் பண்டிகைச் சிறப்பிதழ். மராத்தியில் தீபாவளி மலர் மரபு 1909-இல் 'மனோரஞ்சன்' இதழோடு தொடங்கியது. இன்றும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான தீபாவளி மலர்கள் அந்த மொழியில் வெளியாகின்றன. வங்காளத்தில் துர்க்கா பூஜையை ஒட்டி வரும் சாரதிய மலர்களில் முழு நாவலையே வெளியிடுவார்கள். அதுவரை கவிஞராக அறியப்பட்டிருந்த சுனில் கங்கோபாத்யாயின் முதல் நாவல் 'ஆத்மபிரகாஷ்', 1960-களில் 'தேஷ்' பூஜை மலரில்தான் வந்தது. கன்னட நாளிதழான 'பிரஜாவாணி'யின் தீபாவளிச் சிறுகதைப் போட்டியில் பரிசு வாங்குவது, அந்த மொழியில் புதிதாக எழுத வருபவருக்கு ஓர் அடையாள அட்டை மாதிரி.

மலரும் போட்டியும் தவிர, தமிழ்நாட்டில் தேர்வையே தொழிலாகக் கொண்ட அமைப்பு ஒன்று உண்டு. 1970-இல் தொடங்கிய 'இலக்கியச் சிந்தனை', மாதந்தோறும் இதழ்களில் வரும் கதைகளைப் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஆண்டின் சிறந்த கதையையும் அவற்றிலிருந்தே தேர்ந்தது. பன்னிரண்டு மாதக் கதைகளும் ஆண்டுதோறும் ஒரு நூலாகும். அந்த நூல்களை வரிசையாக எடுத்து வைத்தால், பின்னாளில் பேர் வாங்கிய பலரை அவர்கள் பெயர் அறியப்படாதவர்களாக இருந்த நிலையில் காணலாம்.

முதல் புத்தகம்

இதழ்களில் எட்டுப் பத்துக் கதைகள் வந்ததும் தொகுப்பு வருகிறது. இந்தக் கட்டத்தில் எழுத்தாளருக்கு வேண்டியது துணிச்சலான பதிப்பாளரும் கறாரான பதிப்பாசிரியரும். க்ரியா ராமகிருஷ்ணன் 1974-இல் தொடங்கிய பதிப்பகம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெயர் தெரியாத இளைஞராக இருந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-இல் அங்கே வெளியானது. 2001-இல் அது லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கிலத்தில் வந்தது. இமையத்துக்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது 2020-இல், 'செல்லாத பணம்' நாவலுக்கு. முதல் நாவலைச் சூட்டோடு படித்தவர்கள் இருபத்தாறு ஆண்டுகள் முந்திக்கொண்டவர்கள்.

பெங்களூரில் எழுத்தாளர் வசுதேந்திரா நடத்தும் 'சந்த புஸ்தக' பதிப்பகம், இன்னும் ஒரு கதைத் தொகுப்புகூடக் கொண்டுவராத கன்னடக் கதாசிரியர்களுக்கென்று கையெழுத்துப் பிரதிப் போட்டி வைத்து, தேர்வானதைப் புத்தகமாக்குகிறது. தமிழிலும் இளம் எழுத்தாளர்களே நடத்தும் சிறு பதிப்பகங்கள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் பெருகியிருக்கின்றன. ஆயிரம் பிரதிகளை அச்சடித்து வீட்டில் அடுக்கி வைக்க வேண்டிய நிலை இன்று இல்லை. டிஜிட்டல் அச்சில் நூறு, இருநூறு பிரதிகள் மட்டும் போட்டுக்கொள்ளலாம். புதியவர்கள் புத்தகம் கொண்டுவருவது இதனால் சுலபமாயிற்று. அதே காரணத்தால் முதல் பதிப்பு சீக்கிரம் தீர்ந்து, மறு அச்சு வராமலும் போய்விடுகிறது.

முப்பத்தைந்து வயதுக்குள்

1954-இல் தொடங்கிய சாகித்திய அகாதமி 24 மொழிகளை ஏற்கிறது. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளோடு ஆங்கிலமும் ராஜஸ்தானியும் சேர்ந்த கணக்கு இது. முப்பத்தைந்து வயதுக்கு மேற்படாதவர்களுக்கு 2011 முதல் அகாதமி யுவ புரஸ்கார் வழங்குகிறது. ஐம்பதாயிரம் ரூபாயும் தாமிரப் பட்டயமும் கொண்ட இந்த விருது கவிதைக்கும் உண்டு.

தமிழில் இந்த விருது பெற்ற புனைகதைகளின் பட்டியலே ஒரு வாசிப்புத் திட்டமாகும். முதல் விருது ம. தவசியின் 'சேவல்கட்டு' நாவலுக்குக் கிடைத்தது. 2012-இல் துப்புரவுத் தொழிலாளர் வாழ்க்கையைச் சொல்லும் மலர்வதியின் 'தூப்புக்காரி', 2014-இல் ஆர். அபிலாஷின் 'கால்கள்', 2016-இல் லக்ஷ்மி சரவணகுமாரின் 'கானகன்', 2018-இல் சுனில் கிருஷ்ணனின் 'அம்புப் படுக்கை', 2021-இல் மென்பொருள் அலுவலகங்களுக்குள் நடக்கும் கார்த்திக் பாலசுப்ரமணியனின் 'நட்சத்திரவாசிகள்', 2023-இல் ராம் தங்கத்தின் 'திருக்கார்த்தியல்' என்று அது நீள்கிறது. ஆங்கிலத்தில் இதே விருது 2013-இல் ஷில்லாங்கைச் சேர்ந்த ஜானிஸ் பாரியட்டுக்கும், 2015-இல் சந்தாலிச் சமூகத்து மருத்துவரான ஹன்ஸ்தா சௌவேந்திர சேகருக்கும் போயிற்று. இந்திய ஆங்கில எழுத்து என்றால் பெருநகரம் என்ற எண்ணத்தை மாற்றிய புத்தகங்கள் அவர்களுடையவை.

இந்தப் பட்டியலுக்கு ஒரு குறை உண்டு. புதிய எழுத்தாளர் என்றால் இளைஞராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கி. ராஜநாராயணன் 'சரஸ்வதி'யில் 'மாயமான்' கதையோடு அறிமுகமானபோது முப்பத்தைந்தை ஒட்டிய வயது. இன்றைய விதிப்படி அவர் வரிசையில் நிற்கும் முன்பே கதவு சாத்தியிருக்கும். வீட்டுப் பொறுப்போ பிழைப்போ இழுத்துப் பிடித்து, நாற்பதுக்கு மேல் எழுத வருபவர்களை, குறிப்பாகப் பெண்களை, இதழ்களில்தான் தேட வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதுபவர்கள்

இந்திய ஆங்கிலப் புனைகதையின் பாதை சற்று வேறு. அங்கே இதழை விடக் கையெழுத்துப் பிரதிக்கு மதிப்பு அதிகம். ஆர்.கே. நாராயணின் 'சுவாமியும் நண்பர்களும்', ஆக்ஸ்போர்டில் இருந்த நண்பர் வழியாகக் கிரகாம் கிரீன் கைக்குப் போய், 1935-இல் லண்டனில் நூலானது. அறுபது ஆண்டுகள் கழித்து, அருந்ததி ராயின் முதல் நாவலைக் கையெழுத்துப் பிரதியாகப் படித்த பங்கஜ் மிஸ்ரா அதை லண்டன் இலக்கிய முகவர்களுக்குச் சேர்ப்பித்தார். 'சின்ன விஷயங்களின் கடவுள்' 1997-இல் புக்கர் பரிசு வென்றது.

இன்று அந்த வேலையின் ஒரு பகுதியைப் பரிசுகள் செய்கின்றன. கேரளத்தில் பிறந்த தீபா அனப்பாராவின் 'ஜின் பட்ரோல் ஆன் தி பர்ப்பிள் லைன்' 2020-இல் வெளிவருவதற்கு முன்பே, நிறைவுறாத நாவல்களுக்கான பிரிட்டிஷ் பரிசுகளைப் பெற்றிருந்தது. காமன்வெல்த் சிறுகதைப் பரிசில் 2016-இல் பராஷர் குல்கர்னியும், 2020-இல் ஜார்க்கண்டைச் சேர்ந்த கிருத்திகா பாண்டேயும், 2024-இல் மும்பையின் சஞ்சனா தாக்கூரும் ஒட்டுமொத்த முதலிடம் பெற்றார்கள். நுழைவுக் கட்டணம் இல்லாத இந்தப் போட்டிக்குத் தமிழிலேயே எழுதியும் கதை அனுப்பலாம். வட்டார அளவில் வென்ற கதைகள் 'கிரான்டா' இதழின் தளத்தில் வெளியாகின்றன.

மொழிபெயர்ப்பாளர் காட்டும் வழி

தமிழ் வாசகருக்குத் தெலுங்கிலோ அசாமியிலோ புதிதாக எழுதுபவரை நேரடியாகத் தெரிந்துகொள்ள வழியில்லை. நேஷனல் புக் டிரஸ்ட் தன் 'ஆதான் பிரதான்' வரிசையில் பிறமொழி நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே நிலைபெற்ற படைப்புகள். சமகால எழுத்தைச் சுடச்சுடக் கொண்டுவருவது தனி மொழிபெயர்ப்பாளர்களின் தேர்வுதான். 2013-இல் கன்னடத்தில் வந்த விவேக் ஷான்பாக்கின் 'காச்சர் கோச்சர்' கே. நல்லதம்பியால் தமிழில் கிடைக்கிறது. மலையாளத்துக்குக் குளச்சல் மு. யூசுபும் நிர்மால்யாவும், கன்னடத்துக்குப் பாவண்ணனும் இப்படிப் பழகிய பெயர்கள். மொழிபெயர்ப்பாளர் ஒரு நூலைத் தேர்வதற்கு முன் அந்த மொழியில் பத்து நூல்களைப் படித்துக் கழித்திருப்பார். ஆகவே அட்டையில் நூலாசிரியர் பெயர் தெரியாததாக இருந்தாலும் மொழிபெயர்ப்பாளர் பெயரை நம்பி வாங்கலாம்.

2018 முதல் 2024 வரை வழங்கப்பட்ட ஜேசிபி இலக்கியப் பரிசின் ஏழு வெற்றியாளர்களில் ஐவர் மொழிபெயர்ப்பு வழியாக வந்தவர்கள்: பென்யாமின், எஸ். ஹரீஷ், எம். முகுந்தன், காலித் ஜாவேத், பெருமாள்முருகன். இவர்களில் ஹரீஷ் வென்றது முதல் நாவலுக்காக. 'மாத்ருபூமி'யில் தொடராக வந்தபோது எதிர்ப்பால் நிறுத்த நேர்ந்து, பின்பு நூலான 'மீசை' அது. அந்தப் பரிசின் நெடும்பட்டியல்களைப் புரட்டினால் இந்திய மொழிகளின் சமகால நாவல் எங்கே நிற்கிறது என்பது ஓரளவு புரியும். 1957 முதல் சாகித்திய அகாதமி வெளியிடும் 'இந்தியன் லிட்டரேச்சர்' இருமாத இதழும் பிறமொழிக் கதைகளை ஆங்கிலத்தில் தருகிறது.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை

புதியவரின் புத்தகத்தில் அணிந்துரையை நம்பி முடிவெடுப்பது சரிவராது. மூத்தவர்கள் அன்பின் பேரில் எழுதித் தருவது அது. அதைவிடப் பயனுள்ள பக்கம், கதைகள் முதலில் வெளியான இதழ்களுக்கு நன்றி சொல்லும் பக்கம். எந்தெந்த ஆசிரியர்கள் இந்தக் கதைகளை ஏற்றார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். வாசகருக்குப் பிடித்த இதழ் ஒன்று அந்தப் பட்டியலில் இருந்தால், புத்தகமும் பிடிக்க வாய்ப்பு அதிகம். தொகுப்பில் முதல் கதையை மட்டும் படித்து நிறுத்தாமல் நடுவிலிருந்து ஒன்றையும் படிக்க வேண்டும். சிறந்ததை முன்னால் வைப்பது பதிப்பாளர் வழக்கம்.

புதிய நூல்களை ஒரே இடத்தில் புரட்டிப் பார்க்க, 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சி வசதியானது. பல சிறு பதிப்பகங்களின் ஆண்டு வெளியீடுகள் அதை ஒட்டியே வருகின்றன. பெரிய அரங்குகளைத் தாண்டி ஓரத்துச் சிறு கடைகளில்தான் முதல் புத்தகங்கள் அதிகம் கிடைக்கும். கடைகளில் தீர்ந்துபோனதைத் தேட எழும்பூர் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. 1954-ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் அனுப்பப்பட வேண்டிய நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. இருநூறு பிரதிகளே அச்சான முதல் தொகுப்பும் முறைப்படி அனுப்பப்பட்டிருந்தால், அங்கே ஓர் அலமாரியில் இருக்கும்.