கொள்முதல் பிரிவின் கணக்கு

கம்பெனிகளில் கொள்முதல் பிரிவு என்பது முன்பெல்லாம் விலைப்புள்ளி கேட்டு, குறைந்த விலைக்குத் தருபவரிடம் வாங்கும் சிறிய அலுவலகமாகவே இருந்தது. இன்று எதை, யாரிடம், எத்தனை ஆண்டுகளுக்கு வாங்குவது என்பதை மேல் நிர்வாகமே கூடி முடிவு செய்கிறது. ஒப்பந்தப் பயிருக்கு விதை கொடுத்து, வயலைப் பார்வையிட வரும் அலுவலர் இந்த முடிவின்படியே வருகிறார். எனவே அவர்கள் போடும் கணக்கை விவசாயிகள் தெரிந்து கொள்ளுதல் அவசியமாகும்.

1983-ல் பீட்டர் கிரால்ஜிக் என்பவர் 'ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ' இதழில் ஒரு முறையை விளக்கினார். ஒரு பொருளால் கம்பெனியின் லாபம் எவ்வளவு பாதிக்கப்படும், அது கிடைக்காமற் போகும் அபாயம் எவ்வளவு என்ற இரண்டையும் பார்த்துப் பொருள்களைப் பிரிக்க வேண்டும் என்பதே அது. லாபத்தைப் பாதிக்கும் பொருள் எங்கும் கிடைக்குமானால், விற்பவர்களைப் போட்டியிட வைத்து விலையைக் குறைப்பார்கள். கிடைப்பதும் அரிது என்றால் நீண்டகால உறவை நாடுவார்கள்.

உருளைக்கிழங்கையே எடுத்துக் கொள்வோம். சமையலுக்கான கிழங்கு எந்த மண்டியிலும் கிடைக்கும். சிப்ஸ் தயாரிக்கவோ உலர்பொருள் சுமார் 20 சதமும், குறைந்த சர்க்கரையும் உள்ள கிழங்கு தேவை. அதிகக் குளிரில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, வறுக்கும்போது கருத்துவிடும். இக்காரணத்தால்தான் கம்பெனி தானே விதை கொடுத்து விளைவிக்கச் சொல்கிறது. நம்மீதுள்ள பரிவினால் அல்ல! அந்த விதைக்கும் கட்டுப்பாடு உண்டு. தனது பதிவு பெற்ற ரகத்தைப் பயிரிட்டதாகக் குஜராத் விவசாயிகள் சிலர்மீது பெப்சிகோ வழக்குத் தொடுத்து, 2019 மே மாதத்தில் அவற்றைத் திரும்பப் பெற்றது.

பேரம் பேசும் பலம் பயிருக்குப் பயிர் மாறும். சவுக்கு விலை படியாவிட்டால் வெட்டாமல் ஓராண்டு நிறுத்தலாம். வெட்டிய கரும்பு காத்திராது. தாமதமாக ஆக எடையும் சர்க்கரையும் குறையும். ஆகவே கரும்பு போன்ற பயிர்களில் விலையைக் காட்டிலும் எடுக்கும் தேதியே முக்கியம்.

ஒப்பந்தத்தில் தர நிர்ணயம் எங்கே, யார் முன்னிலையில், கழிவு எத்தனை சதம், குறித்த தேதியில் எடுக்காவிட்டால் நஷ்டம் யாருக்கு என்பவை எழுத்தில் இருத்தல் வேண்டும். "பார்த்துக் கொள்ளலாம்" என்ற வாய்மொழி உதவாது. தமிழ்நாட்டில் ஒப்பந்தப் பண்ணையத்திற்கென 2019-ல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய அதில் வழியுண்டு. கழித்த கிழங்கை வெளியில் விற்கலாமா என்பதையும் விதைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக் கொள்ளவும்.