செய்நிரல் மொழிகளின் அமைப்பும் சிக்கலும்

கணனிக்குக் கட்டளையிடப் பயன்படும் செய்நிரல் மொழிகளை ஒப்பிடுவோர், விதிகள் குறைந்த மொழியே எளிய மொழி எனக் கொள்வதுண்டு. இக்கருத்து எவ்வளவிற்குப் பொருந்தும் என்பதை லிஸ்ப், போட்ரான், பாஸ்கல் ஆகிய மூன்றையும் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1958இல் ஜோன் மக்கார்தி வகுக்கத் தொடங்கிய லிஸ்ப் மொழியின் தொடரமைப்பு மிகச் சிறியது. அதில் (+ 2 (* 3 4)) என்று எழுதினால், பெருக்கல் முதலிலும் கூட்டல் பின்னரும் நிகழும் என்பது அடைப்புக்குறிகளாலேயே பெறப்படும். போட்ரானில் 2 + 3 * 4 எனக் கணித வழக்கையொட்டி எழுதலாம். ஆயின், பெருக்கல் கூட்டலுக்கு முந்தும் என்னும் விதியை மொழி தன்னகத்தே கொண்டிருத்தல் வேண்டும். லிஸ்பில் விதி குறைய, அடைப்புக்குறிகளைப் பொருத்திப் பார்க்கும் உழைப்பு வாசிப்போனைச் சார்கின்றது.

1957இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜோன் பாக்கசின் குழுவினர் வெளியிட்ட போட்ரான் இரு சலுகைகளை வழங்கியது. கூற்றுக்களில் இடையே விடப்படும் வெற்றிடம் பொருட்படுத்தப்படவில்லை. மாறிகளை முன்னரே அறிவிக்க வேண்டிய கட்டாயமும் இருக்கவில்லை. தனித்தனியே நோக்கின் இரண்டும் எளிமை தருவனவே. இரண்டும் சேர்ந்தவிடத்து விளைந்த இடரைக் காண்போம். தமிழெழுத்தில் தருவதாயின், 'டூ 10 ஐ = 1,10' என்னும் கூற்று, 10 என இலக்கமிட்ட கூற்றுவரை உள்ளவற்றைப் பத்துமுறை செய்க எனப் பொருள்படும். காற்புள்ளிக்குப் பதிலாகத் தசமப்புள்ளி விழுந்துவிடின், தொகுப்பி வெற்றிடங்களைப் புறக்கணித்து, 'டூ10ஐ' என்னும் புதியதொரு மாறிக்கு 1.10 என்னும் பெறுமானத்தை வழங்கிவிடும். பிழையென எவ்வித அறிவித்தலும் வராது. கணிப்பின் விடை மாத்திரம் தவறாகும்.

1970இல் நிக்கிளவுஸ் விர்த் வெளியிட்ட பாஸ்கல், ஒவ்வொரு மாறியையும் அதன் வகையுடன் முன்கூட்டியே அறிவிக்குமாறு வேண்டுகின்றது. எழுதுவோனுக்கு இது மேலதிகச் சுமையே. எனினும், தவறாக எழுதப்பட்டமையால் தோன்றும் அறிவிக்கப்படாத பெயர், செய்நிரல் இயங்குமுன்னரே தொகுப்பியிடம் அகப்பட்டுவிடும். 1991இல் சருவதேச நியமமாக வெளிவந்த போட்ரான் 90உம், வெற்றிடத்திற்குப் பொருள் கொடுக்கும் புதிய எழுத்துமுறையையும், அறிவிக்கப்படாத மாறிகளை விலக்கும் கூற்றையும் ஏற்றுக்கொண்டது. விதிகள் பெருகின, பயன்படுத்துவோன் எதிர்கொள்ளும் இடர் குறைந்தது.

ஆகவே, மொழியின் சிக்கலை விதிகளின் தொகையால் மட்டும் அளத்தல் பொருந்தாது. அச்சிக்கலை மொழியும் தொகுப்பியும் தாங்குகின்றனவா, எழுதுவோனும் வாசிப்போனும் தாங்குகின்றனரா என்பதையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். மனிதன் கைப்பிழை செய்வது இயல்பு. அப்பிழை எக்கட்டத்தில் வெளிப்படுகின்றது என்பதே மொழியமைப்பின் தகுதியைக் காட்டுமென நாம் கருதுகின்றோம்.