வீட்டு நீர்ச் சுத்திகரிப்புக் கருவியில் அமுக்கம் குன்றுவது ஏன்?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணக்கற் பாறையின் இடுக்குகளிலே தேங்கும் மழைநீரையே அங்குள்ளோர் கிணறு வெட்டிப் பெற்று வந்திருக்கின்றனர். சில ஊர்களில் அந்நீர் நன்னீர். சில ஊர்களில் உவர்நீர். தோட்டச் செய்கை மிகுந்த பகுதிகளிலோ, பசளையிலிருந்து கசியும் நைத்திரேற்று அதனோடு கலந்துவிடுகின்றது. வடமத்திய மாகாணத்திலும் அதனை அடுத்த பகுதிகளிலும் 1990களில் அறியப்பட்ட சிறுநீரக நோய், அதன் காரணம் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படாத போதிலும், கிணற்று நீரைப் பற்றிய அச்சத்தை வீட்டுக்கு வீடு பரப்பிவிட்டது. ஆகவேதான் ‘ஆர். ஓ.’ என்று வழங்கும் சுத்திகரிப்புக் கருவி இன்று பல அடுக்களைகளில் இடம்பெற்றிருக்கின்றது. அதனை வைத்திருப்போர் கூறும் முறைப்பாடுகளுள் முதன்மையானது ஒன்றே: குழாயைத் திறந்தால் நீர் நூலிழைபோல வடிகின்றது என்பது.

இதன் காரணத்தைத் தேடுமுன் கருவியின் தொழிலை அறிதல் வேண்டும். மெல்லிய சவ்வொன்றின் ஒருபுறம் உப்புநீரும் மறுபுறம் நன்னீரும் இருப்பின், நன்னீரே சவ்வினூடாக உப்புநீரை நோக்கிச் செல்லும். இதனைப் பிரசாரணம் என்பர். முந்திரிகை வற்றலை நீரிலிட்டால் அது ஊதிப் பருப்பதும் இதனாலேயே. இவ்வியற்கைக்கு மாறாக, உப்புநீரின் பக்கத்தில் அமுக்கத்தைச் செலுத்தி, அதிலிருந்து நன்னீரைப் பிழிந்தெடுப்பதே நமது கருவி செய்யும் வேலை. இதற்கேற்ற சவ்வைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சிட்னி லோப், சிறீனிவாச சௌரிராஜன் என்னும் இருவர் 1950களின் இறுதியை ஒட்டி ஆக்கினர். 1965இல் அம்மாநிலத்தின் கொலிங்கா என்னும் சிற்றூர் இம்முறையாற் குடிநீர் பெற்றது. நமது நாட்டிலே தாளையடிக் கடற்கரையில் 2024இல் திறக்கப்பட்ட பெருநிலையம் கடல்நீரை இம்முறையாலேயே நன்னீராக்குகின்றது.

எனவே, அமுக்கமே இக்கருவியின் உயிர். அது எவ்வளவு வேண்டும்? வீட்டுக் கருவியின் மென்சவ்வு செவ்வனே தொழிற்படுவதற்குச் சதுர அங்குலத்துக்கு 40 முதல் 60 இறாத்தல் வரையிலான அமுக்கம் வேண்டும். நமது வீடுகளிற் கூரையளவு உயரத்தில் நிற்கும் நீர்த்தாங்கி கொடுப்பது யாது? நீர் 10 மீற்றர் உயர்ந்து நின்றால் ஏறத்தாழ 14 இறாத்தல் அமுக்கம் உண்டாகும். 5 மீற்றர் உயரமாயின் ஏழே இறாத்தல். ஒரு லீற்றரில் 1,000 மில்லிகிராம் உப்புக் கரைந்துள்ள நீரோ, பிரசாரணத்தின் காரணமாகச் சுமார் 10 இறாத்தல் அமுக்கத்தோடு நம்மை எதிர்த்து நிற்கும். தாங்கியின் ஏழு இறாத்தலைக் கொண்டு இந்த எதிர்ப்பை வெல்லுதல் கூடுமோ? ஒரு துளி நன்னீரும் கிடையாது. கருவி பழுதென்று விற்றவரை வைவதற்கு முன் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தல் நன்று.

இக்குறையை நிறைப்பதற்கே கருவியினுள்ளே சிறு மின்பம்பி வைக்கப்படுகின்றது. அது நின்றாற் கருவியும் நின்றுவிடும். ஒலி கேட்பதைக் கொண்டு பம்பி நலமாயிருக்கின்றதென முடிவு செய்தல் தவறு. உள்ளிருக்கும் இறப்பர்த் தகடு தளர்ந்துவிட்டால் இரைச்சல் இருக்கும், அமுக்கம் இராது. மின்னழுத்தம் தாழ்ந்துவிடும் மாலை வேளைகளில் மட்டும் நீர் குறையுமாயின், குற்றம் மின்வழங்கலிலேயே இருக்கக்கூடும். பம்பியைத் திறந்து பார்க்க விரும்புவோர் முதலில் மின்தொடுப்பைக் கழற்றிவிடல் வேண்டும். ஈரக்கையோடு செய்யும் வேலையாதலின் இதிற் சலுகை இல்லை.

இனி, நீர் மெலிதலில் இருவகை உண்டு. குழாயைத் திறந்ததும் நன்றாக வந்து, ஒரு குவளை நிறையுமுன் தளர்ந்துவிடுவது ஒருவகை. எந்நேரமும் மெலிந்தே வருவது மற்றொரு வகை. முன்னையது பெரும்பாலும் சேமிப்புத் தாங்கியின் குறை. உலோகத் தாங்கியுள்ள கருவிகளில், தாங்கியினுள்ளே இறப்பர்ப் பையொன்றும் அதற்கப்பால் அடைபட்ட காற்றும் இருக்கும். நீரைக் குழாய்வரை தள்ளுவது அக்காற்றே. காற்றுக் கசிந்துவிட்டால், தாங்கி நிறைய நீரிருந்தும் வெளிவராது. தாங்கியைத் தூக்கிப் பார்த்தாற் கனமாயிருக்கும். குழாயிலோ நீர் இல்லை. இதுவே அடையாளம். கருவிக்கு வரும் நீரை அடைத்து, குழாயைத் திறந்து தாங்கியை முற்றாக வடித்தபின், அதன் புறத்தே சிறு மூடியின் கீழிருக்கும் காற்று வால்வில் ரயர் அமுக்கமானியை வைத்துப் பாருங்கள். நீரற்ற நிலையில் 7 அல்லது 8 இறாத்தல் இருத்தல் வேண்டும். குறைந்திருப்பின் துவிச்சக்கர வண்டிக்குக் காற்றடிக்கும் பம்பியே போதும். அவ்வால்வினூடாக நீர் வருமாயின் பை கிழிந்துவிட்டது. தாங்கியை மாற்றுவதன்றி வேறு வழியில்லை.

எந்நேரமும் மெலிந்தே வருமாயின், மென்சவ்வு எவ்வளவு நீர் தருகின்றதென அளத்தல் வேண்டும். தாங்கியின் வால்வை மூடிவிட்டு, குழாயைத் திறந்து, ஒரு நிமிடத்தில் வரும் நீரை அளவுக் குவளையிற் பிடியுங்கள். நாளொன்றுக்கு 75 அமெரிக்கக் கலன் தருமெனக் குறிக்கப்பட்ட சவ்வு, நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் தரல் வேண்டும். ஒரு சிறு குவளை அளவு, அவ்வளவே. இக்கருவி துளித்துளியாக ஆக்கிச் சேமித்து வைப்பதே வழக்கமாதலால், தாங்கியை மூடியபோது நீர் மெலிவது நோயன்று. ஆயின் அளவு பாதியினுங் குறைந்தாற் காரணம் தேடவேண்டும். 25 பாகை செல்சியசு வெப்பநிலைக்கே அக்கணக்கு வகுக்கப்பட்டது. நீர் ஒவ்வொரு பாகை குளிருந்தோறும் விளைவு நூற்றுக்கு மூன்று வீதமளவிற் குறையும். நுவரெலியாவிலுள்ள நேயர்கள் இதனை மனத்திற் கொள்க.

முதலிற் பார்க்கவேண்டியவை முன்வடிகட்டிகள். மணலையும் சேற்றையும் தடுக்கும் வடிகட்டி அடைபட்டால், பின்னாலுள்ள பம்பியும் சவ்வும் நீருக்காகத் தவிக்கும். அவற்றை மாற்றியும் பயன் இல்லையெனில், சவ்விலே சுண்ணம் படிந்திருத்தல் கூடும். கேத்தலின் அடியிற் காணும் அதே வெண்படலந்தான். கண்ணுக்குத் தெரியாத இடத்திற் படிந்திருக்கின்றது. குடாநாட்டின் கடின நீரில் இது விரைவாக நிகழும். இதனோடு தொடர்புடையது கழிவுநீர்க் குழாய். நன்னீரைப் பிரித்தபின் எஞ்சும் உப்பை அடித்துச் செல்வதற்காகவே ஒரு பகுதி நீர் வெளியேறுகின்றது. அதனை வீணென்றெண்ணி அடைப்போரும் உளர். அவ்வாறு அடைத்தால் உப்பெல்லாம் சவ்வின்மேலேயே தங்கிச் சில வாரங்களில் அதனைக் கெடுத்துவிடும். மாறாக, கழிவுநீர் மிகுதியாகப் பாய்ந்தால், அக்குழாயிலுள்ள கட்டுப்படுத்தி பழுதுற்று அமுக்கம் முழுவதும் அவ்வழியே ஒழுகுகின்றதென அறிக. அந்நீரை வாளியிற் பிடித்து நிலங்கழுவப் பயன்படுத்துவது வேறு விடயம், அதில் தவறில்லை.

அஞ்சவேண்டியது நீர் குறைவதையன்று. பழுதுபார்க்க வந்தவர் சென்றபின் நீர் திடீரெனப் பெருகினால் அதனையே ஐயுறல் வேண்டும். சவ்வைக் கழற்றி வெற்றுறையை மட்டும் பூட்டிவிட்டால், அல்லது உறையின் இறப்பர் வளையம் சரியாக அமையாவிட்டால், நீர் தாராளமாக வரும்; தெளிவாகவுமிருக்கும்; உப்பும் நைத்திரேற்றும் அப்படியே வந்துகொண்டிருக்கும். கொதிக்க வைத்தால் தீமை நீங்குமென்பது நைத்திரேற்றைப் பொறுத்தவரை பொய்; நீர் ஆவியாக, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். பால்மாக் கரைத்துக் கைக்குழந்தைக்கு ஊட்டும் வீட்டிலே இது விளையாட்டன்று. மிகுந்த நைத்திரேற்று குழந்தையின் இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் குன்றச் செய்யும். கரைந்த உப்பை அளக்கும் சிறு மானி கடைகளில் கிடைக்கின்றது. கிணற்று நீரையும் கருவியின் நீரையும் அதனால் அளந்து பாருங்கள். இரண்டாவது அளவு முதலாவதின் பத்திலொரு பங்களவிலோ அதனினும் குறைவாகவோ இருப்பின் சவ்வு தொழிற்படுகின்றது. இரண்டும் நெருங்கி நிற்பின், எவ்வளவு நீர் வந்தாலும் அது கிணற்று நீரே. புதிய சவ்வைப் பூட்டினால், முதலில் நிரம்பும் தாங்கி நீர் முழுவதையும் வெளியேற்றிவிட்டு, இரண்டாவது முறை நிரம்பிய நீரில் இச்சோதனையைச் செய்தல் வேண்டும்.