உள் நினைவகமும் கழற்றும் கார்டும்

1994-இல் வந்த ஆப்பிள் குவிக்டேக் 100 கேமராவின் 1 எம்.பி. நினைவகம் உள்ளேயே பொருத்தப்பட்டது. கூடுதல் தெளிவில் 8 படம், குறைந்த தெளிவில் 32 படம் கொள்ளும். நிறைந்துவிட்டால், கேபிள் போட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, பழையதை அழித்தால்தான் அடுத்த படம்.

கழற்றி மாட்டும் கார்டு இந்தக் காத்திருப்பை ஒழித்தது. 1999-இல் அறிவிக்கப்பட்ட எஸ்.டி. கார்டு 32 மி.மீ. நீளம், 24 மி.மீ. அகலம், 2.1 மி.மீ. தடிமன். ஓரத்திலுள்ள சிறு விசையைக் கீழே தள்ளினால், கேமரா அதில் எழுதவோ அழிக்கவோ செய்யாது.

ஆத்தூர் மண்டபங்களில் முகூர்த்தம் எடுப்பவருக்குக் கழற்றும் கார்டு பெரிய வசதி. நிறைந்த கார்டை எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகலாம். தாலி கட்டும் நேரம் தவறாது. ஆனால் இந்தச் சிறிய கார்டு தொலைந்தால், கல்யாணப் படம் முழுவதும் போய்விடும். உள் நினைவகத்தில் அந்தப் பயம் இல்லை.