கேட்கும் செவிகள் நம் பங்கில் உண்டா?

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருக்கின்றனர். பங்குத்தந்தையின் இல்லத் தாழ்வாரத்தில் ஒரு தாய் ஒதுங்கி நிற்கிறாள். திருமண ஓலை எழுத வந்தவர்கள், ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வந்தவர்கள், திருவிழாக் கணக்கைக் கொண்டுவந்தவர்கள் என ஒவ்வொருவராக அவளை முந்திக்கொண்டு உள்ளே செல்கின்றனர். கடைசியில் குருவானவர் வெளியே வந்து, "என்னம்மா, என்ன வேண்டும்?" என்று அன்போடுதான் கேட்கிறார். ஆனால் கிளைக்கோவில் திருப்பலிக்கு நேரமாகிவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிகிறது. "ஒன்றுமில்லை சாமி, ஆசீர்வாதம் வாங்க வந்தேன்" என்கிறாள் அவள். நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்புகிறார். அவள் சொல்ல வந்த துயரம் அவளோடேயே வீடு திரும்புகிறது.

இக்காட்சியைக் காணாத பங்கு இராதென்றே எண்ணுகிறோம். இதில் குருவானவரைக் குறை கூறுவதற்கில்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு அவர் ஒருவரே தந்தை. வினா நம்மை நோக்கியது. பங்கு என்ற பெருங்குடும்பம் இருக்க, துன்பத்தைக் கேட்கும் கடமை ஒரே மனிதரின் தோள்மீது மட்டும் கிடக்கவேண்டுமா?

இவ்வினாவுக்கு இங்கிலாந்தில் ஓர் ஆலயம் தந்த விடையை வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது.

1935ஆம் ஆண்டு. சாட் வாரா என்ற இளம் ஆங்கிலிக்கன் குரு லிங்கன் நகரில் உதவிக் குருவாக இருந்தார். அவர் நடத்திய முதல் அடக்கச் சடங்கு 14 வயதுச் சிறுமி ஒருத்திக்குரியது. பருவமடைந்ததால் உடலில் நேர்ந்த மாற்றத்தைக் கொடிய நோயென்று எண்ணி அஞ்சி, அவள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள். மனம்விட்டுக் கேட்க அவளுக்கு ஒருவரும் இருக்கவில்லை. அந்தக் கல்லறையின் நினைவு வாராவை விட்டு அகலவேயில்லை.

18 ஆண்டுகள் கழித்து, 1953இல், லண்டன் நகரின் வணிகப் பகுதியிலுள்ள வால்புரூக் புனித முடியப்பர் ஆலயத்தின் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அலுவலகங்கள் சூழ்ந்த அவ்விடத்தில் குடியிருந்தோர் மிகச் சிலரே. ஆகவே வேறொரு பணிக்கு அவருக்கு நேரம் இருந்தது. வாழ்வை வெறுத்தோர் தம்மை அழைக்கலாம் என்று அறிவித்து, அவ்வாண்டு நவம்பர் 2ஆம் நாள் முதல் தொலைபேசி அழைப்பை ஏற்றார். நாம் மரித்த விசுவாசிகளை நினைவுகூரும் அதே நாள்!

அழைப்புகள் பெருகின. நேரில் வருவோரும் மிகுந்தனர். உதவிக்கு வந்த பொதுநிலையினர், காத்திருப்போருக்குத் தேநீர் கொடுத்து, அருகிலமர்ந்து பேசிக்கொண்டிருந்தனர். விரைவில் வாரா ஒன்றைக் கவனித்தார். அவ்வாறு பேசிக்கொண்டிருந்தோரில் பலருக்குத் தம்மைச் சந்திக்கவேண்டிய தேவையே இல்லாது போயிற்று! கேட்பதற்கு ஒருவர் கிடைத்ததே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. 1954 பிப்ரவரியில் அவர் கேட்கும் பணியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்து, அவர்களைத் தேர்ந்தெடுப்பதையும் வழிநடத்துவதையும் தம் கடமையாக்கிக்கொண்டார். 'சமாரியர்' என்ற பெயரில் இன்றும் நடைபெறும் அமைப்பு இவ்வாறே பிறந்தது. போதிப்பதில்லை, தீர்ப்பிடுவதில்லை, கேட்டதை வெளியிடுவதில்லை என்பவை அதன் நெறிகள்.

இந்நெறியில் இலங்கையில் 1974இல் 'சுமித்ரயோ'வும், நம் சென்னையில் 1986இல் 'சினேகா'வும் தோன்றின. இவை எந்தச் சமயத்தையும் சார்ந்தவை அல்ல. எனினும் அவற்றின் ஆணிவேரில் ஓர் ஆலயமும், தேநீர் கொடுத்த சில எளிய மனிதரும் இருப்பதை நாம் மறக்கலாகாது.

வேதாகமமும் இதையே நமக்குக் காட்டுகின்றது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாளும் ஏழு இரவும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்து காரணம் கற்பிக்கத் தொடங்கியபோதே அவருக்குப் பாரமாயினர். எம்மாவு வழியில் ஆண்டவரோ, முதலில் சீடர்களின் துயரத்தைக் கேட்டறிந்தார். அதன் பின்னரே விளக்கினார். நம்மில் எத்தனை பேர் கேட்குமுன்னரே விளக்கத் தொடங்குகிறோம்! "செபமாலை சொல்லு, எல்லாம் சரியாகிவிடும்" என்று கூறி எழுந்துவிடுகிறோம். செபம் தேவையே. ஆனால் அது நாம் கேளாதிருப்பதற்குச் சாக்காகிவிடக் கூடாது.

நம் பங்குகளில் இப்பணியைத் தொடங்கப் பெருஞ்செலவு தேவையில்லை. மறைக்கல்வி வகுப்பு நடக்கும் அறை ஒன்று, வாரம் இரு மாலைகள், பொறுமையுள்ள நான்கைந்து பேர் போதும். ஓய்வுபெற்ற ஆசிரியை, செவிலியர், துன்பத்தைக் கடந்துவந்த ஒரு கைம்பெண், குடியை விட்டொழித்த ஒருவர் ஆகியோரைத் தேடலாம். நன்றாகப் பேசுபவரைவிட, கேட்டதைத் தம்முள்ளேயே வைத்துக்கொள்பவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உளவியல் கற்றவர்களைக் கொண்டு இவர்களுக்கு முறையான பயிற்சி அளிக்கவேண்டும்.

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். நம் பங்குகளில் துன்புற்றோர் வாய் திறவாதிருப்பதற்குக் காரணம் நாமேதான். மாலையில் ஒருவரிடம் சொன்னது மறுநாள் காலைத் திருப்பலிக்குமுன் கோவில் வளாகம் முழுவதும் பரவிவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கிறது. அந்த அச்சம் நியாயமானதே! ஆதலால் அண்டை அயலாரிடம் பேசக் கூசுவோருக்காக, இரு பங்குகள் தம்முள் கேட்போரை மாற்றிக்கொள்வது நலம். பெண்கள் பேசப் பெண்களே இருத்தல் வேண்டும். அறை, வெளியிலிருந்து பார்க்கக்கூடியதாகவும் பேச்சு வெளியே கேளாததாகவும் அமைதல் வேண்டும்.

எல்லையையும் தெளிவாக உணரவேண்டும். இது பாவசங்கீர்த்தனம் அன்று. பாவசங்கீர்த்தன இரகசியத்தைக் குருவானவர் எக்காரணத்தாலும் வெளியிட இயலாது. கேட்போரின் வாக்குறுதிக்கோ விலக்குகள் உண்டு. அவற்றை வருபவரிடம் முதலிலேயே கூறிவிட வேண்டும். உயிருக்கு ஆபத்து இருப்பின் உதவியை நாடியாக வேண்டும். சிறுவர் ஒருவர் பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காவல்துறைக்கு அறிவித்தே ஆகவேண்டும். குற்றம் செய்தவர் யாராயினும், எவ்வளவு மதிப்பு வாய்ந்தவராயினும், பங்கின் பெயரைக் காப்பதற்காக மூடி மறைத்தல் தகாது. கணவனால் அடிபடும் பெண்ணுக்குப் பொறுமையை மட்டும் போதித்து அதே வீட்டுக்குத் திருப்பியனுப்புவதும் ஆறுதலாகாது.

உறக்கமின்மை, ஓயாத அழுகை, காதில் குரல் கேட்டல் ஆகியன மருத்துவரிடம் அனுப்பவேண்டியவை. சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பது அவிசுவாசம் இல்லையென்றால், மனநோய்க்கு உண்பது மட்டும் எவ்வாறு அவிசுவாசமாகும்? மைய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இவ்வெண்ணை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தல் இன்றே செய்யக்கூடிய காரியம்.

இறுதியாக, தற்கொலையால் ஒருவரை இழந்த குடும்பங்களுக்கு ஒரு சொல். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், தெரிந்தே தற்கொலை புரிந்தோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் அத்தடை இல்லை. கடும் மனக்கலக்கமும் வேதனையும் அச்சமும் ஒருவரது பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவர்களது மீட்பைக் குறித்து நம்பிக்கை இழத்தலாகாது என்றும் 1992இல் வெளியான மறைக்கல்வி நூல் கற்பிக்கின்றது. திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது. அவ்வாறிருக்க, அவ்வீட்டாரைக் கண்டதும் நாம் குரலைத் தாழ்த்தி விலகிச் செல்வது ஏன்? அவர்களது கதவைத் தட்டி அருகே அமர்வது பங்கின் முதற்கடமையன்றோ?

அடுத்த ஞாயிறும் அந்தத் தாய் தாழ்வாரத்தில் நிற்பாள். குருவானவருக்கு அன்றும் நேரம் இராது. நமக்கு இருக்கலாம். "வாருங்கள் அம்மா, இப்படி உட்கார்ந்து பேசுவோம்" என்று நம்மில் ஒருவர் அழைக்கட்டும். அவள் பேசி முடிக்கும்வரை நாம் எழாதிருப்போம்.