ஒரு யூனிட் 233 ரூபாய்!

சித்திரை வெயிலில் தஞ்சை வீடுகளில் மின்விசிறி ஓய்வதில்லை. வயல் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். வீட்டுக்கு?

2022 செப்டம்பர் கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய். 501 ஆனால் 1,958! காரணம், 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான மலிவு விலை பறிபோனது.

இங்கேதான் 'ஸ்மார்ட் பிளக்' உதவும். பிரிட்ஜ் எத்தனை யூனிட் இழுக்கிறது என்று கைபேசியில் காட்டும். தானாகக் குறைக்காது. அதுவும் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும்!

விசிறிக் கணக்கோ வேறு. பழையது 75 வாட். தினம் 10 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 45 யூனிட். பி.எல்.டி.சி. விசிறி சுமார் 30 வாட், 18 யூனிட்தான். மூன்று விசிறிகளை மாற்றினால் 81 யூனிட் மிச்சம். கைபேசியே வேண்டாம்!